சமைக்காத வீகன் உணவகத்துக்கு அம்மாவையும் அழைத்துச் செல்கிறோம்: எதைக் கேட்டறிய வேண்டும், எதை உண்ணலாம்?

கேள்வி: கோண்டாவில் வாசகி

அனைவருக்கும் வணக்கம். ரொறன்ரோவில் வாழும் என் தமக்கையின் மகள் நல்லூர்த் திருவிழாவுக்காக வந்து எங்கள் வீட்டில் தங்கியிருக்கிறாள். என் பெறாமகளான அவள், அடுப்பில் ஏறாத தாவர உணவை மட்டுமே உண்டு வருகிறாள். மச்சமும் முட்டையும் மட்டுமன்றிப் பால், தயிர், நெய், தேன் ஆகியவற்றையும் அவள் தொடுவதில்லை. எந்த உணவும் ஏறக்குறைய 45 பாகை செல்சியசுக்கு மேல் சூடாகக்கூடாது என்பதும் அவளுடைய ஒழுங்கு. யாழ் நகரை அண்டி இத்தகைய உணவை மட்டும் பரிமாறும் உணவகம் ஒன்று அண்மையில் திறக்கப்பட்டிருப்பதை அறிந்து, வருகிற ஞாயிறு மதியம் வீட்டார் அனைவரையும் அங்கே கூட்டிச்செல்ல ஆசைப்படுகிறாள். செலவு தன்னுடையது என்றும் முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

திருவிழா முடியும்வரை எங்கள் வீட்டில் மச்சம் இல்லை. ஆகவே மரக்கறிச் சாப்பாடு எங்களுக்குப் புதிதன்று. ஆயினும் சோறும் குழம்பும் இல்லாத, சூடாக எதுவுமே வராத ஒரு மதியச் சாப்பாட்டை எங்களில் எவரும் உண்டதில்லை. அம்மாவுக்கு 74 வயது. நீரிழிவுக்கு மெற்போமின் குளிகை எடுக்கிறார், பற்களும் கட்டுப்பற்கள். பேத்தியின் மனம் நோகக்கூடாது என்பதற்காக எதைத் தட்டில் வைத்தாலும் மறுக்காமல் உண்டுவிட்டு, பின்னர் வயிறு நொந்தாலும் எவருக்கும் சொல்லாமல் இருந்துவிடுவார் என்பதே என் பெரிய கவலை. 9 வயது மகனும் உடன் வருகிறான்.

இந்த உணவு முறை சரியா, பிழையா என்ற வாதத்தை நான் எழுப்பவில்லை. பிள்ளை தன் கொள்கையில் தெளிவாக இருக்கிறாள். அதை நாங்கள் மதிக்கிறோம். அங்கே என்னென்ன பரிமாறுவார்கள், போவதற்கு முன் உணவகத்தாரிடம் எவற்றைக் கேட்டறிய வேண்டும், அம்மாவுக்கும் மகனுக்கும் எவற்றைத் தெரிவு செய்யலாம் என்பவற்றை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.


பதில்: இணுவில், முன்னர் பேர்லின்

வணக்கம் அக்கா. பேர்லினில் வேலை செய்த காலத்தில் இத்தகைய உணவகங்களுக்கு நண்பர்களுடன் போய் வந்தவன் என்ற முறையில், மேசைக்கு என்ன வரும் என்பதைச் சொல்கிறேன்.

உணவுப் பட்டியலைத் திறந்தால் பீட்சா, நூடில்ஸ், லசானியா, சீஸ் கேக் என்று தெரிந்த பெயர்களே இருக்கும். அந்தப் பெயர்களுக்குரிய சுவையை எதிர்பார்த்து வாயில் வைப்பவர்கள்தான் முகம் சுளிப்பார்கள்; ஏனெனில் அவற்றில் மாவும் இல்லை, வெதுப்புதலும் இல்லை. நூடில்ஸ் என்பது சுக்கினிக் காயையோ, அது கிடைக்காத இடத்தில் வெள்ளரிக்காயையோ கரட்டையோ நீளச் சுருளாகச் சீவி, தக்காளிப்பழமும் உள்ளியும் எண்ணெயும் சேர்த்து அரைத்த கூட்டில் பிரட்டியது. சீவிய காயில் உப்புப் பட்டதும் அது நீர்விடத் தொடங்கிவிடும். ஆகையால் மேசைக்கு வந்த உடனேயே உண்ண வேண்டும், கதைத்துக்கொண்டிருந்துவிட்டுத் தொட்டால் தட்டின் அடியில் நீர் தேங்கி, கூட்டு முழுவதும் கழன்று கிடக்கும். பீட்சாவின் அடித்தட்டு, ஊறவைத்த ஆளிவிதையையும் கரட் சக்கையையும் அரைத்துத் தட்டத்தில் மெல்லியதாகப் பரப்பி, இளஞ்சூட்டுக் காற்று வீசும் உலர்த்துபெட்டியில் இரவு முழுவதும் வைத்து எடுத்தது. ஓரங்கள் மொறுமொறுப்பாக உடையும், நடுப்பகுதி கடிபடாமல் இழுபடும். கட்டுப்பல் உள்ளவருக்கு அது ஏற்றதன்று. அதன்மேல் சீஸ் என்று பூசப்படுவது, ஊறவைத்த கஜுவைத் தேசிப்புளியும் உப்பும் சேர்த்து வழுவழுப்பாக அரைத்த கூழ். சில இடங்களில் அதை ஒருநாள் புளிக்கவிட்டும் பரிமாறுவார்கள், அதுவே சுவையானது.

இனிப்பு வகை குறித்து ஒரு நடைமுறைக் குறிப்பு. பேரீச்சம்பழத்தையும் கொட்டைகளையும் இடித்து அடியாக அமர்த்தி, கஜுவையும் தேங்காயெண்ணெயையும் அரைத்து மேலே ஊற்றிக் குளிரில் இறுகவைப்பதே அவர்களுடைய கேக். தேங்காயெண்ணெய் 24 பாகை அளவில் உருகத் தொடங்கிவிடும். பேர்லினில் அந்தக் கேக் ஒரு மணித்தியாலம் மேசையில் வடிவாக நிற்கும். யாழ்ப்பாணத்து ஆவணி வெக்கையில் சில நிமிடங்களில் சரிந்துவிடும். ஆகவே எல்லாவற்றையும் ஒன்றாகக் கொண்டுவரச் சொல்லாமல், நீங்கள் கேட்கும்போது மட்டும் இனிப்பைக் குளிர்பெட்டியிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள்.

தட்டு சிறிதாகத் தெரிவதைக் கண்டு ஆளுக்கு இரண்டு வகை கேட்டுவிட வேண்டாம். கொட்டைகளும் எண்ணெயும் செறிந்த உணவு மெதுவாகவே சமிக்கும். அந்த நேரத்தில் வயிறு நிறையாதது மாதிரித் தோன்றினாலும் பிறகு நெடுநேரம் பாரமாக இருக்கும். நான்கு தட்டுகளை வாங்கி ஐந்து பேர் பகிர்ந்து உண்பதே நல்லது. அம்மாவுக்கு அரைத்த சூப், அவகாடோ, பழுத்த பப்பாப்பழம், மிக மெல்லியதாகத் துருவிய காய்கள் ஆகியன பொருந்தும். சூப் இளஞ்சூட்டில்தான் வரும் என்பதை அவருக்கு முன்பே சொல்லிவையுங்கள்; ஆறிய சூப்பைக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று அவர் எண்ணிவிடக்கூடாது.

இந்த எண்ணம் இன்று நேற்றுத் தோன்றியதும் அன்று. சுவிற்சர்லாந்து மருத்துவர் பேர்ச்சர் பென்னர், சூரிச்சில் நடத்திய தமது மருத்துவமனையில் நோயாளருக்குப் பச்சைக் காய்களையும் பழங்களையும் முதன்மையாகக் கொடுத்து நூறாண்டுக்கு மேலாகிறது. இன்று கடைகளில் விற்கப்படும் மியூஸ்லி, துருவிய அப்பிளும் ஊறிய ஓட்ஸும் சேர்த்து அவர் அங்கே கொடுத்த உணவிலிருந்து வந்ததுதான்.


பதில்: ஓய்வுபெற்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர்

தங்கை, சுவையைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும். நான் தண்ணீரைப் பற்றிச் சொல்கிறேன். இந்த உணவகத்தைப் பொறுத்தவரை முதற்கேள்வி அதுதான்.

வழமையான சமையலறையில் கீரையைச் சரியாகக் கழுவாவிட்டாலும், கழுவிய நீரே கெட்ட நீராக இருந்தாலும், கடைசியில் ஒரு கொதி வந்து பெரும்பாலான கிருமிகளை அழித்துவிடும். இங்கே அந்தக் கடைசிக் காவல் இல்லை. எந்த நீரில் இலை கழுவப்பட்டதோ அந்த நீர் அப்படியே உங்கள் வாய்க்கு வருகிறது. எங்கள் குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளூடாக ஓடுவது. மண்ணில் மெதுவாக வடிந்து தூய்மையாவதற்கு அதற்கு அவகாசம் குறைவு. நெருக்கமான காணிகளில் மலக்குழியும் கிணறும் அருகருகே அமைந்துவிட்டன. நெருப்புக்காய்ச்சலும் செங்கண்மாரியும் வயிற்றோட்டமும் இந்த வழியில்தான் வீடுகளுக்குள் நுழைகின்றன என்பதைச் சேவைக் காலம் முழுவதும் கண்டிருக்கிறேன். ஆகவே தொலைபேசியில் அழைத்து, காய் கழுவுவதற்கும் பானம் கலப்பதற்கும் பனிக்கட்டி செய்வதற்கும் எந்த நீரைப் பயன்படுத்துகிறீர்கள் என்று நேரே கேளுங்கள். கொதித்தாறிய நீர், அல்லது முறையாகக் குளோரின் இட்ட நீர் என்று தயங்காமல் பதில் வர வேண்டும். "நல்ல கிணற்றுத் தண்ணீர்" என்பது பதிலாகாது. நீர் தெளிவாக இருப்பதாலோ சுவையாக இருப்பதாலோ அதில் கிருமி இல்லை என்று ஆகிவிடாது.

இரண்டாவது, முளைப்பயறு. சத்து மிக்கது என்று எல்லாத் தட்டிலும் தூவுவார்கள். பயறு முளைப்பதற்கு வேண்டிய ஈரமும் வெதுவெதுப்பும்தான் கிருமி பெருகுவதற்கும் வேண்டியவை. விதைக்குள்ளேயே கிருமி இருந்துவிட்டால் முளைத்த பின் எவ்வளவு கழுவியும் பயனில்லை. 2011 இல் ஜேர்மனியில் வெந்தய முளையின் வழியாகப் பரவிய ஈ கோலி தொற்றில் ஏறக்குறைய நாலாயிரம் பேர் நோயுற்றார்கள்; 50 பேருக்கும் அதிகமானோர் இறந்தார்கள். சுகாதார ஒழுங்குகள் இறுக்கமாக உள்ள ஒரு நாட்டிலேயே அது நடந்தது. முதியோர், சிறு பிள்ளைகள், கர்ப்பிணிகள், நோய் எதிர்ப்புச் சக்தி குன்றியோர் ஆகியோர் பச்சை முளைகளைத் தவிர்க்க வேண்டும் என்பதே பல நாட்டுச் சுகாதாரத் துறைகளின் அறிவுரை. உங்கள் அம்மாவுக்கும் மகனுக்கும் முளைகள் இல்லாமல் பரிமாறச் சொல்லுங்கள். இதைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

மூன்றாவது, தேங்காய்ப்பால். பிழிந்த பச்சைப்பால் எங்கள் காலநிலையில் எவ்வளவு விரைவாகப் புளித்துவிடும் என்பதை வீட்டிலேயே அறிவீர்கள். 5 பாகைக்குக் கீழே, அல்லது 60 பாகைக்கு மேலே என்பதுதான் உணவைப் பாதுகாக்கும் பொது விதி. இந்த உணவு முறையில் மேல் எல்லைக்குப் போக வழியில்லாததால் குளிர்பெட்டி ஒன்றே துணை. மின்வெட்டு ஏற்பட்டால் என்ன செய்கிறார்கள் என்று கேட்டுப்பாருங்கள். ஊறவைத்த கஜு, அரைத்த கூட்டு, வெட்டிய பழம் எல்லாவற்றுக்கும் இதே விதிதான்.

போய் இறங்கியதும் உரிமப் பத்திரம் சுவரில் தொங்குகிறதா, பரிமாறுபவர் காசு வாங்கிய கையாலேயே இலையைத் தொடுகிறாரா, ஈக்கள் எங்கே மொய்க்கின்றன என்பவற்றைப் பாருங்கள். உணவைக் கையாள்பவர்கள் மருத்துவச் சான்றிதழ் பெற்றிருக்கிறார்களா என்றும் கேட்கலாம். ஒழுங்காக நடத்துபவர் இக்கேள்விகளால் கோபம் கொள்ள மாட்டார், சமையலறையைக் காட்டவும் தயங்க மாட்டார். அப்படிக் காட்டினால் நம்பி உண்ணுங்கள்.


பதில்: திருநெல்வேலியில் சைவக் கடை நடத்துபவர்

பரிசோதகர் ஐயா சொன்னவற்றை முழுவதும் ஏற்கிறேன். சமையற்கட்டில் நிற்பவன் என்ற முறையில் அதனோடு சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

நெருப்பு ஒரு மணித்தியாலத்தில் செய்து முடிக்கும் வேலையை அங்கே தண்ணீரும் நேரமும் கத்தியும் செய்ய வேண்டியிருக்கிறது. எங்கள் கடையில் ஒரு பெரிய சட்டிச் சாம்பாரை இருவர் பார்த்துக்கொள்ளலாம். அங்கே அதே அளவு ஆட்களுக்குக் காய் சீவவும், கொட்டைகளை முதல்நாளே ஊறவைத்து நீர் மாற்றவும், உலர்த்துபெட்டியில் தட்டங்களைத் திருப்பிப் போடவும் நாலைந்து பேர் வேண்டும். கஜுவின் விலையும் யாவரும் அறிந்ததே. ஒரு தட்டுக்குச் சைவக் கடைச் சாப்பாட்டைப்போல நாலைந்து மடங்கு கேட்கிறார்களே என்று பலர் முறையிடுவதைக் கேட்டிருக்கிறேன். வேலையைப் பார்த்தால் அந்த விலை நியாயமானதே. அதே காரணத்தால், முதல்நாளே தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போவது இரு தரப்புக்கும் நல்லது. சொல்லாமல் ஐந்து பேராகப் போனால் அன்று ஊறவைத்ததில் எஞ்சியதுதான் கிடைக்கும்.

பெறாமகள் தன் ஒழுங்கில் மிகக் கண்டிப்பானவள் என்றால் ஒன்றை அவளும் அறிந்திருக்க வேண்டும். கஜுவின் ஓட்டில் தோலைப் புண்ணாக்கும் காரமான எண்ணெய் இருக்கிறது. அதனால் பெரும்பாலான ஆலைகளில் கொட்டையை ஆவியில் அவித்தோ வறுத்தோதான் உடைக்கிறார்கள், பிறகு பருப்பின் மெல்லிய தோலை உரிப்பதற்காக மீண்டும் சூட்டில் உலர்த்துகிறார்கள். கடையில் பச்சைக் கஜு என்று விற்கப்படுவதும் சூடு கண்டதாகவே இருக்கக்கூடும். பனங்கட்டியும் அப்படித்தான், பதநீரைக் கொதிக்கவைத்துக் காய்ச்சாமல் பனங்கட்டி இல்லை. இவற்றை அவள் விட்டுக்கொடுத்து உண்கிறாளா என்று முதலிலேயே கேட்டுக்கொண்டால் மேசையில் சங்கடம் வராது.

பட்டியலில் உள்ள பிறநாட்டுப் பெயர்களைவிட, எங்களுடைய பச்சை வகைகளைக் கேட்டு வாங்குவதே அம்மாவுக்கு நல்லது என்பது என் எண்ணம். வல்லாரைச் சம்பல், மாங்காய்ச் சம்பல், தயிருக்குப் பதிலாகத் தேங்காய்ப்பாலும் தேசிப்புளியும் விட்ட வெள்ளரிக்காய்ப் பச்சடி ஆகியவற்றில், தாளிதத்தை நீக்கிவிட்டால் அடுப்பே தேவையில்லை. அவர் வாழ்நாள் முழுவதும் இலையின் ஓரத்தில் வைத்து உண்ட பண்டங்களே அன்று இலையின் நடுவுக்கு வருகின்றன. அந்த உணவகத்தார் உள்ளூர்ச் சமையற்காரரை வைத்திருந்தால், முதல்நாள் சொல்லும்போது இவற்றைச் செய்து தரக் கேளுங்கள். பெரும்பாலும் மகிழ்ச்சியோடு செய்வார்கள்.

வீட்டில் பிள்ளைக்குக் கொடுக்கும்போது ஓர் எச்சரிக்கை. ஒடியல் வெயிலில் காய்ந்த பனங்கிழங்குதானே என்று அதன் மாவை அப்படியே கொடுத்துவிடாதீர்கள். அந்த மாவை நீரில் ஊறவிட்டு, கைப்பு நீரை வடித்து, பின்னர் கூழாகக் காய்ச்சியோ பிட்டாக அவித்தோதான் எம்மவர் உண்டு வந்திருக்கிறார்கள். அதற்குக் காரணம் உண்டு. மரவள்ளிக் கிழங்கைப் பச்சையாக வாயில் வைக்கவே கூடாது, அதில் சயனைட்டு நஞ்சை உண்டாக்கும் பொருள் இருக்கிறது. பெரிய சிவப்புப் போஞ்சி விதையும் நன்கு அவித்தே உண்ண வேண்டியது. பனாட்டு வேறு: பனங்களியைப் பாயில் ஊற்றி ஊற்றி வெயிலிலேயே காயவைத்து எடுப்பது. அது அவளுடைய ஒழுங்குக்கு அப்படியே பொருந்தும், ரொறன்ரோவில் கிடைப்பதும் அரிது. தூய்மையாகச் செய்பவரிடம் வாங்கிக் கொடுங்கள்.


பதில்: வண்ணார்பண்ணை ஆசிரியர்

1927 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து சென்ற காந்தியடிகள், இரண்டாண்டுகளின் பின் 1929 இல் அடுப்பில் ஏறாத உணவைத் தாமே உண்டு சோதித்துப் பார்த்தார். முளைத்த கோதுமை, அரைத்த வாதுமை, பச்சை இலை, எலுமிச்சை, தேன் என்று உண்டு, அதன் பலன்களைத் தமது பத்திரிகையில் வெளிப்படையாக எழுதினார். ஆர்வத்தோடு தொடங்கியவர், சீதபேதியால் உடல் நலிந்து அதைக் கைவிட நேர்ந்தது. ஒரு வேளை உணவகத்துக்குப் போய் உண்பதற்கு இது தடையன்று. மகிழ்ச்சியாகப் போய் வாருங்கள். ஆனால் நாள்தோறும் இதையே உண்ணும் பிள்ளை, தன் உடலைக் காலந்தோறும் மருத்துவரிடம் காட்டிக்கொள்கிறாளா என்று சின்னம்மா என்ற உரிமையோடு நீங்கள் கேட்கலாம். கொள்கையை மதிப்பதும் பிள்ளையின் உடல்நலத்தை விசாரிப்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல.


பதில்: மானிப்பாய் மருந்தாளர்

அக்கா, அம்மாவின் மருந்துச் சீட்டை முதலில் எடுத்துப் பாருங்கள். மெற்போமின் மட்டும்தான் என்றால், சோறில்லாத ஒரு மதியச் சாப்பாட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும் வாய்ப்பு மிகக் குறைவு. கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட் முதலிய குளிகைகளோ இன்சுலினோ சேர்ந்திருந்தால் கதை வேறு. அம்மருந்துகள் உணவில் எவ்வளவு மாப்பொருள் வந்தாலும் வராவிட்டாலும் தங்கள் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். அந்நிலையில், அன்றைய அளவு குறித்து அவருடைய வைத்தியரிடம் முதலே கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். கையில் ஒரு குளுக்கோஸ் பைக்கற் இருப்பது எப்படியும் நல்லது.

சமைக்காத உணவு என்றதும் சர்க்கரை ஏறாது என்று பலர் நம்புகிறார்கள். நீரிழிவுக்காரருக்கு அங்கே உள்ள பெரிய பொறி பழப்பானங்கள்தான். இரண்டு வாழைப்பழம், ஒரு மாம்பழம், நாலைந்து பேரீச்சம்பழம் எல்லாம் சேர்த்து அடித்த ஒரு குவளையை ஐந்து நிமிடத்தில் குடித்துவிடலாம். அதே பழங்களைக் கடித்து உண்ண முற்பட்டால் பாதியிலேயே போதும் என்றிருக்கும். இனிப்பு வகைகளில் சீனி சேர்க்கவில்லை என்று எழுதியிருந்தாலும் பேரீச்சம்பழத்தின் இனிப்பு இரத்தத்தில் சர்க்கரையாகத்தான் சேரும். அம்மாவுக்கு இளநீரோ தேசிக்காய்த் தண்ணீரோ போதும். கேக்கில் பேத்தி ஊட்டிவிடும் ஒரு சிறு துண்டோடு நிறுத்திக்கொள்ளலாம். சிறுநீரகப் பாதிப்பும் இருக்கிறதென்றால் இளநீரும் வேண்டாம், அதில் பொற்றாசியம் அதிகம். இரத்தம் உறையாமலிருக்க வோபரின் எடுப்பவர் எவராவது உங்கள் கூட்டத்தில் இருந்தால், பச்சை இலைகளை அன்று மட்டும் குவித்து உண்பது கூடாது. அவற்றிலுள்ள விற்றமின் கே அம்மருந்தின் வேலையைத் தடுத்துவிடும்.

நார்ச்சத்துக்குப் பழகாத வயிற்றில் அது ஒரேயடியாகச் சேர்ந்தால் வயிறு ஊதும், வாய்வு பிடிக்கும். கோவா, லீக்ஸ், பச்சை வெங்காயம் ஆகியவற்றைக் குறைத்து, வெள்ளரிக்காய், பப்பாப்பழம், அவகாடோ ஆகியவற்றை அம்மா கூடுதலாக எடுக்கட்டும். காலையில் வழமையான இடியப்பத்தையோ பிட்டையோ அளவாக உண்டுவிட்டு வரட்டும்.

ஆசிரியர் ஐயா சொன்னதற்கு ஒன்றைச் சேர்க்கிறேன். தாவர உணவு மட்டும் உண்பவர்களுக்கு விற்றமின் பி12 உணவிலிருந்து போதிய அளவு கிடைக்காது. குளிகையாகவோ ஊசியாகவோ எடுத்தே ஆக வேண்டும். ஜேர்மனியில் நெடுங்காலம் பச்சை உணவு உண்டுவந்தவர்களை ஆராய்ந்தபோது, கெட்ட கொலஸ்திரோல் குறைவாக இருந்த அதே வேளையில் பலருக்கு பி12 குறைபாடும், உடல் மெலிந்த இளம் பெண்கள் பலருக்கு மாதவிடாய் ஒழுங்கின்மையும் காணப்பட்டன. பிள்ளை பி12 எடுக்கிறாளா என்று மட்டும் கேளுங்கள். தற்செயலாக, மெற்போமினை நீண்டகாலம் எடுப்பவர்களுக்கும் பி12 குறைவதுண்டு; ஆகவே அம்மாவுக்கும் பேத்திக்கும் ஒரே நாளில் இரத்தப் பரிசோதனை செய்வித்தால் இருவருக்கும் நன்று.


கேள்வி கேட்டவரின் மறுமொழி: கோண்டாவில் வாசகி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. சனிக்கிழமையே உணவகத்துக்கு அழைத்து, பரிசோதகர் ஐயா எழுதியபடி ஒவ்வொன்றாகக் கேட்டேன். கழுவுவதற்கும் பானங்களுக்கும் கொதித்தாறிய நீரையே பயன்படுத்துவதாகவும், பனிக்கட்டியையும் அதிலேயே செய்வதாகவும் சொன்னார்கள். முளைகளை எங்கள் தட்டுகளில் தவிர்க்க உடனே ஒத்துக்கொண்டார்கள். மின்வெட்டுக்கு மின்பிறப்பாக்கி இருக்கிறது என்றார்கள். சமையலறையைப் பார்க்கலாமா என்று கேட்டபோது, வாருங்கள் என்று அழைத்தே காட்டினார்கள். தட்டம் தட்டமாக ஆளிவிதை அடைகள் உலர்ந்துகொண்டிருந்ததைக் கண்டு, அம்மா அந்தப் பெட்டியின் சூட்டைக் கைவைத்துப் பார்த்து, வெயிலில் வடகம் காயவைக்கும் சூடுதான் இது என்றார்.

வல்லாரைச் சம்பலும் வெள்ளரிக்காய்ப் பச்சடியும் சொன்னபடி செய்து தந்தார்கள். அம்மா அவற்றையும் அவகாடோவையும் விரும்பி உண்டார். தேங்காய்ப்பாலில் அரைத்த தக்காளிப்பழச் சூப்பை அரைக் கிண்ணத்தோடு வைத்துவிட்டார். சூடில்லாத இரசத்தை எப்படிக் குடிப்பது என்று அவர் வெளிப்படையாகவே பேத்தியிடம் கேட்டார், அவளும் சிரித்துக்கொண்டே மீதியைக் குடித்துவிட்டாள். நான் பயந்த மாதிரி அவர் எதையும் மறைக்கவில்லை. பீட்சாவை மகன் முழுவதும் முடித்தான். இனிப்பைக் கடைசியில்தான் வரவழைத்தோம். அன்று இரவு அம்மாவின் சர்க்கரை வழமையான அளவில் இருந்தது. வயிற்றிலும் ஒரு குறையும் இல்லை. பெறாமகள் பி12 குளிகை எடுத்துத்தான் வருகிறாளாம், பரிசோதனைக்கும் உடன்பட்டுவிட்டாள்.

இனி ஒரே ஒரு கேள்வி. தீர்த்தம் முடியும்வரை அவள் இங்கேதான் இருப்பாள். உணவகத்தில் உண்ட வல்லாரைச் சம்பல் வீட்டில் நான் செய்ததைவிடக் கைப்புக் குறைவாகவும் பச்சைநிறம் மாறாமலும் இருந்தது. அதைச் சுகாதாரமாகவும் அதே சுவையிலும் வீட்டில் செய்வது எப்படி?


பதில்: திருநெல்வேலியில் சைவக் கடை நடத்துபவர்

மிக்க மகிழ்ச்சி அக்கா. வல்லாரையைக் காலையிலேயே சந்தையில் வாங்குங்கள். தண்டு முற்றாத இளம் இலையாக இருக்க வேண்டும். வேரையும் முற்றிய தண்டையும் நீக்கி, ஓடும் நீரில் மண்போகக் கழுவி, உப்பும் வினாகிரியும் கலந்த நீரில் சிறிது நேரம் அமிழ்த்தி வையுங்கள். கடைசிக் கழுவல் கட்டாயம் கொதித்தாறிய நீரில்தான் இருக்க வேண்டும். பிறகு துணியில் பரப்பி ஈரத்தை முழுவதும் ஒற்றி எடுங்கள். ஈரம் நின்றால் சம்பல் நீர்விட்டுக் கைக்கும்.

கத்தி கூராக இருக்க வேண்டும். மொட்டைக் கத்தியால் நசித்து வெட்டினால் இலை கறுத்து, கைப்பும் கூடிவிடும். இலைகளை இறுக்கிச் சுருட்டி, மயிரிழையாக ஒருமுறை மட்டும் அரிந்து, மறுபடி கொத்தாமல் விடுங்கள். சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும் பொடியாக வெட்டி, உப்பு, மிளகுதூள், அப்போது துருவிய தேங்காய்ப்பூ ஆகியவற்றோடு முதலில் பிசையுங்கள். தேங்காயின் பால் சற்று இறங்கிய பிறகு இலையைச் சேர்த்து விரல் நுனியால் கிளறுங்கள். தேசிப்புளியை உண்ண உட்காரும்போதுதான் விட வேண்டும், முன்னரே விட்டால் பச்சைநிறம் மங்கிவிடும். ஒரு வேளைக்கு வேண்டியதை மட்டும் செய்யுங்கள்; மதியச் சம்பலை இரவுக்கு எடுத்துவைக்க வேண்டாம்.